இருவரும் சேர்ந்து நலம்

ஆஸ்பத்திரியைப் பற்றிக் குறை சொல்லும் ஆள் நானில்லை. குறை சொன்னால் அவர்கள் நம்மை உள்ளே விடமாட்டார்கள். சொல்லாமலிருந்தால் உள்ளே விட்டுவிடுவார்கள். இரண்டில் எது ஆபத்து என்று தெரியாததால் பொதுவாக நான் வாயை மூடிக்கொண்டிருப்பவன். ஆனால் மெத்தைக்காரர் வீட்டு விஷயத்தில் எனக்கு வயிறு எரிகிறது. எரிகிற வயிற்றை வைத்துக்கொண்டு மனிதன் எத்தனை நாள்தான் சும்மா இருப்பான்?

மெத்தைக்காரர் கடைக்கு அடுத்தது என் சைக்கிள் கடை. நடுவில் ஒரு தகரத் தடுப்பு மட்டும்தான். அவர் பஞ்சு அடித்தால் இங்கே நான் தும்முவேன். நான் பெல்லை அடித்துப் பார்த்தால் அங்கே அவர் "யாரு?" என்பார். மற்றபடி பேசாத மனிதர். அவருக்கும் சேர்த்து அவர் மனைவி பேசுவார். எனக்கு அவர் அண்ணி. உறைக்குள் பஞ்சை அடைத்து, மேலே ஏறி மிதித்துச் சமன் செய்வது அண்ணி வேலை. நீள ஊசியால் குத்தி முடிச்சுப் போடுவது அண்ணன் வேலை. "இதுல படுத்தா தூக்கம் வரும், அது எங்க பொறுப்பு. எழுந்திரிக்கறது உங்க பொறுப்பு" என்று சொல்லித்தான் அண்ணி மெத்தை விற்பார்.

அந்த அண்ணி ஒரு நாள் மெத்தையின் பாதியில் மிதிப்பதை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார். மறுநாள் கால்வாசியில் உட்கார்ந்தார். உதடும் நகமும் வெளுத்துக் கிடந்தன.

"நெஞ்சுக்குள்ள யாரோ பஞ்சு அடிக்கிறாங்க தம்பி. அதுவும் வேல தெரியாத ஆளு. ரெண்டு அடி வேகமா அடிக்கிறான், ஒரு அடிய விடுறான், அப்புறம் மூணு அடிய ஒண்ணா அடிக்கிறான்."

அண்ணன் ஊசியைக் கீழே வைத்தார். கடையைச் சாத்தினோம். நான் முன்னே போய் ஆட்டோ பிடித்தேன்.

அந்த ஆஸ்பத்திரியின் முழுப் பெயர் இரத்த இதய ஒருங்கிணைந்த உயர் சிகிச்சை நிலையம். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பலவீனமானவர்களுக்கு மூச்சு வாங்கும். வாசல் சுவர் முழுக்க ஒரு கோடு வரைந்திருந்தார்கள். தொட்டில் போல இரண்டு முனையும் மேலே தூக்கி, நடுவில் தாழ்ந்திருந்தது. அதன் கீழே பொன் எழுத்தில்: "குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு, நடுவே நலம்." அண்ணி அண்ணாந்து பார்த்துவிட்டு, "நல்லா எழுதியிருக்காங்க" என்றார். நல்லாத்தான் எழுதியிருந்தார்கள். அந்தச் சுவரில் எந்தத் தப்பும் இல்லை.

முதல் அறையில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. இரத்தம் எடுத்தார், நெஞ்சில் ஒயர்களை ஒட்டிக் கோடு எடுத்தார். பிறகு நாற்காலியை அண்ணிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார்.

"உங்க ஹீமோகுளோபின் ஏழுதான் இருக்கும்மா. அதுதான் மூச்சுக் காத்த உடம்பு பூரா சுமந்துட்டுப் போற சத்து. அது கொறஞ்சா இதயம் ஈடு கட்டுறதுக்காக அதிகமா உழைக்கும். உழைச்சு உழைச்சு மேல் அறை விரிஞ்சுபோனா தாளம் தப்ப வாய்ப்பு அதிகம். ரொம்பக் கூடினாலும் இதே வம்புதான், ரத்தம் கெட்டியாயிடும். உங்களுக்கு எங்கயோ ரத்தம் கசியுது. அதக் கண்டுபிடிச்சு அடைக்கலாம், இரும்புச் சத்து ஏத்தலாம், தாளத்துக்கு மருந்து இருக்கு. பயப்படாதீங்க."

அண்ணன் முகத்தில் உயிர் வந்தது. சட்டியில் இல்லை, அதனால் அகப்பையில் வரவில்லை. சட்டியை நிரப்பினால் போதும். இவ்வளவுதானே! அந்தக் கட்டடத்துக்குள் நாங்கள் கேட்ட கடைசி புத்தியுள்ள பேச்சும் அதுதான். டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டு, "அதுக்கு முன்னாடி மேல சராசரிப் பிரிவுல ஒரு முத்திரை வாங்கிட்டு வந்துடுங்க" என்றார்.

சராசரிப் பிரிவு மூன்றாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் அலுவலர்களுக்கு மட்டும். படிக்கட்டுப் பக்கத்தில், "இதய நோயாளிகளுக்கு நடை நல்லது" என்று பலகை. அண்ணி ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து எழுந்தார். அவருக்குத் துணையாக அங்கே இன்னும் பலர் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் வெள்ளையாகவும் சிலர் சிவப்பாகவும் இருந்தார்கள்.

சராசரி அலுவலர் நல்ல மனிதர். வணக்கம் சொன்னார், உட்காரச் சொன்னார். கெட்ட மனிதராக இருந்திருந்தால் அன்றைக்கே சண்டை போட்டிருப்போம்.

"இங்க நாங்க யாரையும் தனி ஆளாப் பாக்கறதில்ல" என்று ஆரம்பித்தார். "முன்னாடி அப்படித்தான் பாத்துட்டிருந்தோம். என்னாச்சு? ஆஸ்பத்திரி பூரா நோயாளிங்க! மேலிடத்துல இருந்து கேட்டாங்க, 'ஏன்யா உங்க ஆஸ்பத்திரியில மட்டும் இத்தன பேருக்கு உடம்பு சரியில்ல?'ன்னு. பதில் சொல்ல முடியாமத் தல குனிஞ்சு நின்னோம். அப்புறம்தான் எங்க இயக்குநர் ஐயா இந்த ஜோடி முறையக் கொண்டுவந்தார். வாசல்ல கோடு பாத்தீங்கல்ல? நடுவே நலம். ஒரு கொறஞ்சவரையும் ஒரு மிஞ்சினவரையும் ஜோடி போட்டா ரெண்டு பேரும் நடுவுல வந்துடறாங்க. ஊசி இல்ல, மருந்து இல்ல, வலி இல்ல."

"ஐயா, கீழ டாக்டரம்மா இரும்புச் சத்து ஏத்தணும்னு…" என்றார் அண்ணன்.

"ஏத்தலாம். ஒருத்தருக்கு ஏத்தினா அடுத்தவர் கேப்பார். அவருக்கும் ஏத்தணும். இதுக்கு முடிவே இல்ல. கூட்டி ரெண்டால வகுத்தா முடிஞ்சுபோச்சு."

இதைச் சொல்லிவிட்டு அவர் பக்கத்து அறைக் கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு லாரி டிரைவரும் அவருடைய அக்காவும் வந்தார்கள். டிரைவர் முகம் மிளகாய்ப்பழ நிறம். கண்ணும் சிவப்பு. அவருக்கு ஹீமோகுளோபின் இருபது. அவருக்கும் நெஞ்சில் தாளம் தப்பியிருந்தது. கெட்டியான இரத்தத்தைக் கொஞ்சம் எடுத்துவிட வேண்டும் என்று கீழே அவருக்கும் சொல்லியிருந்தார்கள்; முத்திரைக்காக அவரும் மேலே ஏறி வந்தவர்தான்.

"ஏழும் இருபதும் இருபத்தேழு. பாதி பதின்மூன்றரை!" அலுவலருக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்த மாதிரி ஜோடி அமையறது அபூர்வம்."

ஜோடி என்ற சொல் அண்ணனை உறுத்தியது. "எம் பொண்டாட்டிக்கு ஜோடி நான்தானேங்க? என் ரத்தத்தப் பாருங்க" என்றார். பார்த்தார்கள். பதினாலரை. அலுவலர் உதட்டைப் பிதுக்கினார். "உங்களால யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்ல." கல்யாணமான நாளிலிருந்து இதை அண்ணிதான் சொல்லிவந்தார். வெளியாள் சொல்லி அண்ணன் கேட்டது அன்றுதான் முதல்முறை.

டிரைவரின் அக்கா ஒல்லியாக இருந்தாலும் குரல் கனத்தது. "ஏங்க, இவன்கிட்ட அதிகமா இருக்கு, அந்தப் பொண்ணுகிட்ட கம்மியா இருக்கு. இவன்கிட்ட எடுங்க, அவளுக்கு வேற நல்ல ரத்தமாப் பாத்து ஏத்துங்க. ரெண்டு பேரும் சரியாயிடுவாங்கல்ல?"

அலுவலர் பதறிப்போனார். "அப்படிச் செஞ்சா இவரும் பதின்மூன்றரை, அந்தம்மாவும் பதின்மூன்றரை. அப்புறம் சராசரிக்கு என்ன வேல? இந்தப் பிரிவுக்கு என்ன வேல? எனக்கு என்ன வேல? கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்கம்மா."

யோசித்தோம். அவர் சொன்னதில் அவரைப் பொறுத்தவரை தப்பே இல்லை.

அடுத்து இதயப் பிரிவு. அங்கே இருவரின் நெஞ்சுக் கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்கள். அண்ணியின் நெஞ்சு விட்ட அடியில் டிரைவர் நெஞ்சு அடித்திருந்தது. டிரைவர் நெஞ்சு திணறிய இடத்தில் அண்ணி நெஞ்சு சும்மா இருந்தது. "ஆகா, என்ன தாளம்!" என்று ஒருவர் தொடையில் தட்டினார். முத்திரை குத்தினார்கள்: "இருவரும் சேர்ந்து நலம்." கீழே டாக்டரம்மாவிடம் காட்டினோம். அவர் முத்திரையைப் பார்த்தார், அண்ணியின் நகத்தைப் பார்த்தார். நலமானவர்களுக்கு மருந்து எழுதினால் தன்னை யாரோடாவது ஜோடி போட்டுவிடுவார்கள் என்றார். அழுதார் என்றுதான் நினைக்கிறேன். எங்களுக்கு அதனால் என்ன லாபம்?

அண்ணன் விடவில்லை. கடைத்தெருவில் தனியாக வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் போனோம். அவர் முத்திரையைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். "பெரிய இடம் நலம்னு சொன்ன ஆள நான் தொட்டா நாளைக்கே என் பலகையக் கழட்டிடுவாங்க. போயிட்டு வாங்க." வேறு இரண்டு இடங்களிலும் இதே கும்பிடுதான். செவிடன் காதில் சங்கு ஊதினாலாவது ஊதினவனுக்குக் கேட்கும்.

ஜோடிகள் அடிக்கடி சந்தித்துக்கொண்டால் சராசரி கெட்டிப்படும் என்று நிலையத்தில் ஒரு விதி. அதனால் டிரைவரும் அக்காவும் மெத்தைக் கடைக்கு வந்து போனார்கள். லாரி ஓட்ட முடியவில்லை. தலை கிறுகிறுக்கிறது என்றார் டிரைவர். விற்காத ஒரு மெத்தையில் அண்ணி ஒரு முனை, அவர் ஒரு முனை. இருவருக்கும் மூச்சு வாங்கும்.

"தங்கச்சி, நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே ஒரு நல்ல உடம்பு இருக்காம். அது யார்கிட்ட இருக்குன்னுதான் தெரியல" என்பார் டிரைவர்.

"என்கிட்ட இல்லண்ணே. வேணும்னா தேடிப் பாத்துக்கோங்க" என்பார் அண்ணி.

"எங்கிட்டயும் இல்ல. அந்த ஆபீசருகிட்ட இருக்குமோ?"

சிரிப்பார்கள். சிரித்தால் இருவருக்கும் நெஞ்சு படபடக்கும். உடனே அக்கா திட்டுவாள், அண்ணன் தண்ணீர் கொண்டுவருவார். கூடப் பிறந்தவர்கள் போலாகிவிட்டார்கள். அந்த ஆஸ்பத்திரி யாருக்காவது ஏதாவது நல்லது செய்தது என்றால் இது ஒன்றுதான், அதுவும் தெரியாமல் செய்தது.

பிறகு நிலையத்தின் ஆண்டு விழா வந்தது. சிறந்த ஜோடி என்று அண்ணியையும் டிரைவரையும் மேடையில் ஏற்றினார்கள். அண்ணியை நானும் அண்ணனும் இரண்டு பக்கமும் பிடித்து ஏற்றி நாற்காலியில் உட்கார வைத்தோம். இயக்குநர் பேசினார். அவர் குரல் கணீரென்று இருந்தது. அவருக்கு எதுவும் குறையவுமில்லை, மிஞ்சவுமில்லை.

"இன்று இந்த நிலையத்தில் நோயாளி என்று ஒருவர்கூட இல்லை! ஒரு காலத்தில் நானும் ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டேன், எங்கே வலிக்கிறது என்று கேட்டேன், நாடி பிடித்துப் பார்த்தேன். எவ்வளவு நேரம் வீணாயிற்று! ஒருவருக்கு வலிக்கிறது என்றால் இன்னொருவருக்கு வலிக்கவில்லை என்றுதானே பொருள்? இந்த எளிய உண்மை எனக்குப் புலப்பட முப்பது ஆண்டுகள் மருத்துவம் படித்ததை மறக்க வேண்டியிருந்தது. இதோ, இந்தச் சகோதரியையும் சகோதரரையும் பாருங்கள். இவர்களைத் தனித்தனியாகப் பார்க்காதீர்கள். பார்த்தால் பயமாக இருக்கும். சேர்த்துப் பாருங்கள்!"

கைதட்டல். கேடயம் வாங்க டிரைவர் எழுந்தார். கை நீட்டினார். வலது கை வரவில்லை. நன்றி சொல்ல வாயைத் திறந்தார், வார்த்தை குழறியது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

"டேய்! வாய் கோணுதுடா! யாராவது பாருங்களேன், எந் தம்பிக்கு வாய் கோணுது!" என்று அக்கா மேடைக்கு ஓடினாள்.

இயக்குநர் ஒலிபெருக்கியை விடவில்லை. "பதற்றம் வேண்டாம். சகோதரருடைய இடது பக்கம் மிக நன்றாக இருக்கிறது. வலது பக்கத்துக்குத் தகுந்த ஜோடியை விரைவில் தேடித் தருவோம்." இதற்கும் கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்றே தட்டினார்கள்.

டாக்டரம்மா மட்டும் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். தாளம் தப்பிய நெஞ்சில் இரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்கு ஏறிவிட்டது, ஒவ்வொரு நொடியும் முக்கியம், உள்ளே தூக்குங்கள் என்று கத்தினார். தூக்கினார்கள். வாசலில் நிறுத்தினார்கள். சேர்ந்து நலமானவர்களில் ஒருவரை மட்டும் அனுமதிக்க விதியில்லையாம். ஜோடியும் வர வேண்டுமாம். அண்ணியைத் தூக்கிக்கொண்டு நாங்கள் போய்ச் சேர்வதற்குள் டிரைவரின் கண் மேலே நிலைகுத்திவிட்டது. மறுநாள் செத்துப்போனார். அக்கா அழவில்லை. அந்தக் கனத்த குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. அதன் பிறகு அவள் பேசி நான் கேட்கவில்லை.

துக்கத்துக்கு நடுவிலும் அண்ணன் மனசில் ஒரு நப்பாசை. சொல்லக் கூடாது, ஆனால் எனக்கும் இருந்தது. ஜோடி போயாச்சு. இனி அண்ணி வெறும் ஏழு. ஏழு இருப்பதை நலம் என்று எந்த மடையனும் சொல்ல முடியாதே! ஊரைக் கூட்டி ஒப்பாரி வைத்தாவது இரும்பு ஏற்றிவிடலாம் என்று மறுபடி மூன்று மாடி ஏறினோம். இந்த முறை அண்ணியை அண்ணன் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார்.

அலுவலர் எழுந்து நின்று அனுதாபம் சொன்னார். பிறகு முகம் மலர்ந்தார்.

"நீங்க கவலப்படவே வேண்டாம். உயிரோட இருக்கற ஜோடியில ஒரு சங்கடம் உண்டு. இன்னைக்கு இருபது, நாளைக்குப் பதினெட்டுன்னு மாறும். போனவர் எண் மாறாது. ஏறாது, இறங்காது, எப்பவும் இருபது. இதவிட நிலையான ஜோடி எங்க கிடைக்கும்? அம்மாவுக்கு இனிமே மறுபரிசோதனையே கிடையாது. நிரந்தர நலம்!"

"அவர் செத்துட்டாருங்க" என்றார் அண்ணன்.

"ஆமா. அதுலயும் ஒரு விசேஷம் இருக்கு. தாளத்தப் பாருங்க." கடைசியாக எடுத்த நெஞ்சுக் கோட்டைக் காட்டினார். ஒரே நேர்கோடு. "எங்கயாவது தப்பியிருக்கா?"

அண்ணன் அவர் காலில் விழுந்தார். வாழ்நாளில் யார் காலிலும் விழாத மனிதர். அலுவலர் தடுத்துத் தூக்கினார். அவர் மடியில் முத்திரை மை கொட்டிவிட்டது, அதற்கும் கோபப்படவில்லை. நல்ல மனிதர் என்றுதான் சொன்னேனே.

அண்ணி அதன்பிறகு மெத்தை மிதிக்கவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் பேச்சுச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, உங்க அண்ணனுக்கு ஊசியில நூல் கோக்க வராது. கண்ணு தெரியாதுன்னு சொல்ல வெக்கப்படுவாரு. நீங்க பாத்துக் கோத்துக் குடுங்க" என்றார். நான் சரி என்றேன். சாயங்காலம் அண்ணன் தேநீர் வாங்கப் போயிருந்த நேரத்தில் அண்ணியின் நெஞ்சு ஓர் அடியை விட்டது. அடுத்த அடியை அடிக்கவேயில்லை. எளிதாகத் தீர்ந்திருக்க வேண்டிய சங்கதி. இரும்புச் சத்து, ஒரு கசிவு, சில மாத்திரை.

நிலையத்துக்குச் சொல்லியனுப்பினோம். ஜோடி முழுமையடைந்துவிட்டது, இனி இருவருக்கும் தாளக் கோளாறு வர வாய்ப்பே இல்லை என்று ஓர் ஆள் வந்து பாராட்டிவிட்டுப் போனார்.

சில மாதம் கழித்து ஒரு காலையில் கடை வாசலில் ஒரு தம்பதி வந்து நின்றார்கள். அந்த ஆளின் முகம் மிளகாய்ப்பழமாய்ச் சிவந்திருந்தது. படியேறியதற்கே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"மெத்தைக்கடை இதுதானுங்களா? இங்க ரத்தம் ஏழு இருக்கற ஒரு அம்மா இருக்காங்களாமே. அவங்களத்தான் எனக்கு ஜோடி போட்டிருக்காங்க. நேர்ல ஒரு வார்த்த நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தோம்."

அண்ணன் அவர்களை மெத்தையில் உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். பிறகு, "அவ செத்துப்போயிட்டாளுங்க" என்றார்.

சிவந்த ஆள் ஒரு நிமிஷம் திகைத்தார். அப்புறம் நிம்மதியாக மூச்சு விட்டுவிட்டு மனைவியைப் பார்த்தார். "அதான் நிரந்தர நலம்னு போட்டிருக்காங்க! நான்கூட மாறிக்கீறிப் போயிடுமோன்னு பயந்துட்டேன்."

அண்ணன் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்த மனிதர் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டதில்லை. "ஐயா, உங்களக் கெஞ்சிக் கேட்டுக்கறேன். எங்கயாவது வெளியூர் போங்க. அந்த முத்திரையக் காட்டாதீங்க. ரத்தத்த எடுக்கச் சொல்லுங்க, நெஞ்சப் பாக்கச் சொல்லுங்க. உங்களத் தனியாப் பாக்கச் சொல்லுங்க, ஐயா."

"எனக்கு எதுக்குங்க அதெல்லாம்?" என்று அவர் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டார். "நான்தான் நல்லா இருக்கேனே."

மனைவி தோளைப் பிடித்துக்கொள்ள, இரண்டு கடைக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, அவர் தெருவில் நடந்து போனார்.